ஏணியும் இடமும்: ஆசிரியர் பதவி உயர்வும் பள்ளிப் பங்கீடும்

நல்லாசிரியன் இலக்கணம் கூறவந்த நன்னூலார், அவனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கினையும் உவமையாக்கினார். அவற்றுள் நிறைகோல் ஐயம் நீங்க அளவு காட்டுவது. எப்பக்கமும் சாயாது நிற்பது. ஆசிரியன் நிறைகோல் போன்றவன் எனின், அந்த நிறைகோலையே நிறுத்துப் பார்ப்பது எங்ஙனம்? எந்த ஆசிரியரை உயர்த்துவது, எந்த ஆசிரியரை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவு செய்யவேண்டிய ஒவ்வோர் அரசும் இக்கேள்வியை எதிர்கொண்டே வந்திருக்கிறது. மலேசியாவும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு விடை தேடி வருகிறது.

பதவி உயர்வு வேறு, பணியிடப் பங்கீடு வேறு என்று கொள்வதே வழக்கம். முன்னது சம்பளம் பற்றியது என்றும், பின்னது நிர்வாகம் பற்றியது என்றும் அவை தனித்தனிக் கோப்புகளில் வைக்கப்படுகின்றன. ஆயின், ஓர் ஆசிரியர் எந்தப் பள்ளியில் பணியாற்றுகிறார் என்பதைப் பொறுத்தே அவர் எத்தகைய மதிப்பீடு பெறக்கூடும் என்பது அமைகிறது. எந்தப் பள்ளியில் மதிப்பீடு எளிதாகக் கிடைக்கிறதோ அந்தப் பள்ளிக்கே செல்ல ஆசிரியர் விரும்புவதும் இயற்கை. ஆகவே இவ்விரண்டையும் இணைத்து நோக்கினாலன்றி நீதியான ஏற்பாடு எதுவும் கிட்டாது. இதனைத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு நன்கு விளக்குகிறது.

தோட்டத்துரை காலம்

1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்கள் பள்ளி ஏற்படுத்தித் தரவேண்டும் என்று விதித்தது. பள்ளி வந்தது, ஆசிரியர்க்கு ஒரு முறையான பணி வரவில்லை. பல தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணியே பள்ளிக்கூடத்து வாத்தியாராகவும் இருந்தார். சில இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி அந்த வேலையைப் பார்த்தார். சம்பளத்தை நிர்ணயிப்பவர் தோட்டத்துரை. வேலையில் வைப்பவரும் நீக்குபவரும் அவரே. அக்காலத்து ஆசிரியர்க்குப் பதவி உயர்வு என்பது துரையின் மனநிறைவு. பணியிடப் பங்கீடு என்பது இருந்த தோட்டத்திலேயே இருப்பது.

1956 ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதனை ஒட்டிய 1957 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் இந்நிலையை மாற்றின. தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறையின் உறுப்பாயின. நிலமும் கட்டடமும் தோட்டத்துக்கே உரியனவாக இருந்தபோதும், ஆசிரியர்க்குச் சம்பளம் தரும் பொறுப்பு அரசினுடையதாயிற்று. அதன்பின்னும் குறைகள் நீடித்தமையால் 1967-இல் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நீதிபதி அசீஸ் தலைமையில் அமைந்த அரசாணைக் குழு, ஆசிரியர் பணியின் ஊதியத்தையும் நிபந்தனைகளையும் ஒழுங்குபடுத்த வழி வகுத்தது. ஒரே தகுதிக்கு ஒரே சம்பளம் என்ற கொள்கை நிலைபெற்றது. துரையின் முகம் பார்த்து வாழ்ந்த ஆசிரியர்க்கு அது பெரும் விடுதலையாகும்.

எனினும், ஒரே சம்பளம் என்பது ஒரே சுமை என்பதாகாது. ஆண்டு ஏற ஏறச் சம்பளமும் ஏறும் என்னும் முறையில், உழைப்பவரும் உழைக்காதவரும் ஒரே வேகத்தில் உயர்வர். இந்தக் குறையே செயல்திறனை அளந்து உயர்வு தரும் எண்ணத்துக்கு வழி திறந்தது.

பலன் பார்த்துப் பணம்

இவ்வெண்ணம் புதியதன்று. இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ என்பார் கொண்டுவந்த விதிமுறைப்படி, ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேர்வு செய்தார். தேறிய பிள்ளைகளின் தொகையைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் வழங்கப்பட்டது. அதே முறை சென்னை மாகாணத்திலும் பின்பற்றப்பட்டது. விளைவு யாது? தேர்வில் வராத பாடங்கள் வகுப்பறையை விட்டு வெளியேறின. தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளை கவனிப்பாரின்றிக் கிடந்தான். தாமே பள்ளி ஆய்வாளராயிருந்த கவிஞர் மாத்தியூ ஆர்னால்டு இதனை வன்மையாகக் கண்டித்தார். 1890-களில் இங்கிலாந்து அதனைக் கைவிட்டது.

நூறாண்டுக்குப் பின்னர் அதே எண்ணம் வேறு வடிவில் மலேசியாவில் தோன்றியது. 1992-இல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியத் திட்டம், அரசு ஊழியர் அனைவர்க்கும் செயல்திறன் அடிப்படையிலான ஆண்டு உயர்வை வகுத்தது. ‘எஸ்.எஸ்.பி.’ என்று ஆசிரியர் அறைகளில் வழங்கிய இத்திட்டத்தில் சம்பளப் பட்டியல் கட்டங்கள் நிறைந்த ஒரு சதுரப் பலகைபோல் இருந்தது. மதிப்பீடு குறைந்தவர் நின்ற கட்டத்திலேயே நிற்பார். வழக்கமான மதிப்பீடு பெற்றவர் பக்கவாட்டில் ஒரு கட்டம் நகர்வார். சிறந்தவர் மேல் வரிசைக்கு ஏறுவார். மிகச் சிறந்தவர் மேல் வரிசைக்கு ஏறுவதோடு ஒரு கட்டம் முன்னும் செல்வார். இறுதி இரண்டு வகையும் மிகச் சிறு பங்கினர்க்கே உரியவை என வரம்பிடப்பட்டது.

இந்த வரம்பே தொல்லையின் வேர். பள்ளியில் எத்தனை பேர் நன்றாக உழைத்தாலும் ஓரிருவரே உயர முடியும். அந்த ஓரிருவரைத் தேர்ந்தெடுப்பவர் அவர்களோடு நாள்தோறும் உண்டு பழகும் தலைமையாசிரியர். பெரிய பள்ளியில் இது மனக்கசப்பைத் தந்தது. எட்டுப் பத்து ஆசிரியரே உள்ள தோட்டப்பள்ளியிலோ ஒருவர் உயர்ந்தால் எஞ்சியோர் அனைவரும் தோற்றவராகக் கருதப்படுவர். ஆதலின், இம்முறை முறைவைத்துக் கொடுக்கும் சடங்காக மாறிவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது.

2002 நவம்பரில் இத்திட்டத்துக்கு மாற்றாக மலேசிய ஊதியத் திட்டம் வந்தது. இதில் ‘பி.தி.கே.’ எனப்பட்ட தேர்ச்சிநிலை மதிப்பீடு சேர்ந்தது. உயர்வு வேண்டும் ஆசிரியர் தாமே தேர்வெழுதித் தேறவேண்டும். தலைமையாசிரியரின் முகத்தாட்சண்யம் இதில் இல்லை என்பது உண்மையே. ஆனால் வகுப்பில் நன்றாகக் கற்பிப்பவர்தாம் தேர்வை நன்றாக எழுதுவார் என்பதற்கு உறுதி ஏது? மாணவர்க்குச் செலவிட வேண்டிய மாலைப்பொழுது ஆசிரியரின் சொந்தப் படிப்புக்குச் செலவாயிற்று. 2011-இல் பி.தி.கே. நீக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்ட மற்றொரு திட்டம், கடும் எதிர்ப்பினால் 2012 மார்ச்சில் இரத்துச் செய்யப்பட்டது.

முடிவில், காலத்தையும் நற்பணியையும் இணைத்து உயர்வு தரும் முறை நிலைபெற்றது. 2012-இல் வகுக்கப்பட்டபடி, பட்டதாரி ஆசிரியர் ஒருவர் டி.ஜி. 41 நிலையிலிருந்து 44-க்கு 8 ஆண்டு, பின் 48-க்கு 8 ஆண்டு, 52-க்கு 6 ஆண்டு, 54-க்கு 3 ஆண்டு என ஏறலாம். காலியிடம் உண்டா என்று காத்திருக்க வேண்டுவதில்லை. உரிய மதிப்பீடு இருந்தால் போதும். 2024 டிசம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்த புதிய ஊதிய முறையில் இப்படிகளின் பெயர்கள் டி.ஜி. 9, 10, 12, 13, 14 என மாறின. இதற்கு இணையாக ‘குரு செமர்லாங்’ என்னும் சிறந்த ஆசிரியர் பாதையும் 1990-களிலிருந்து இருந்து வருகிறது. நன்றாகக் கற்பிப்பவர் வகுப்பறையை விட்டு அலுவலக நாற்காலிக்குப் போகாமலே உயரலாம் என்பது அதன் நோக்கம். நோக்கம் போற்றத்தக்கதே.

சிறு பள்ளியின் கணக்கு

இத்தனை திட்டங்களும் ஒரு கேள்வியைத் தொடாமலே விட்டன. அளக்கப்படும் ஆசிரியர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதே அது.

சிலாங்கூரின் தலைநகராகிய ஷா ஆலம், சுங்கை ரெங்கம் வட்டாரத்துத் தோட்ட நிலத்தில் எழுந்த நகர். 1978-இல் மாநிலத் தலைநகராயிற்று. 2000-இல் மாநகரத் தகுதி பெற்றது. பால்மரமும் செம்பனையும் நின்ற இடங்களில் இன்று அடுக்குமாடிகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. எனினும் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, எபோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் நகரின் நடுவே தொடர்கின்றன. அண்டையிலுள்ள கிள்ளானில் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் பயில்கின்றனர். அதே மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கிடையே, லயங்கள் காலியானபின் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடக்கும் பள்ளிகளும் உள்ளன. நாட்டிலுள்ள 520-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பாதிக்கு மேற்பட்டவை 150 மாணவர்க்கும் குறைவான சிறு பள்ளிகளே.

ஆறாம் ஆண்டில் 6 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியையும், 120 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியையும் எண்ணிப் பார்க்கலாம். தேர்வு நாளன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது; அவன் தவறிவிடுகிறான். பெரிய பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு ஒன்றுக்கும் குறைவாக இறங்கும். சிறு பள்ளியின் தேர்ச்சியோ ஏறத்தாழ 17 விழுக்காடு சரியும். அடுத்த ஆண்டு அறுவரும் தேறிவிட்டால் அதே பள்ளி நூற்றுக்கு நூறு என்று பாராட்டப்பெறும். ஆசிரியர் அவரே; உழைப்பும் அதுவே. மாறியது ஒரு பிள்ளையின் உடல்நலம் மட்டுமே. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தேர்வு முடிவுகளை ஆராய்ந்த கேன், ஸ்டைகர் என்னும் பொருளியலறிஞர் இருவர், தரப்பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறு பள்ளிகளே மிகுதியாக இடம்பெறுவதைக் கண்டு 2002-இல் எழுதினர். சிறு தொகையில் தற்செயலின் பங்கு பெரிது என்பதே அதன் காரணம்.

1988 முதல் நடந்து வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஆகவே இந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்று சிலர் கருதலாம். அஃது உண்மையன்று. சிறந்த சேவைக்கான விருது மொத்த ஊழியருள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு என்பது வரையறை. ஒன்பது ஆசிரியர் உள்ள பள்ளியில் அது ஒருவராகக்கூட நிறைவதில்லை. பிற பள்ளிகளோடு சேர்த்து எண்ணினாலே ஒருவர்க்கு வாய்ப்பு வரும். மதிப்பீட்டில் மாவட்ட, மாநில அளவிலான பங்களிப்பும் பார்க்கப்படுகிறது. பெரிய பள்ளியில் ஆறாம் ஆண்டுக் கணிதம் மட்டும் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் போட்டிக் குழுவும் பயிலரங்கும் எட்டிய தொலைவில் இருக்கின்றன. சிறு பள்ளியில் ஒருவரே தமிழும் கணிதமும் உடற்கல்வியும் கற்பித்து, பள்ளிக் கணக்கும் எழுதி, புறப்பாட நடவடிக்கையையும் கவனிக்கிறார். அவர் மாவட்டக் கூட்டத்துக்குச் சென்றால் அவர் வகுப்பைப் பார்க்க ஆளில்லை. ஆண்டு முடிவில் இருவர்க்கும் மதிப்பீட்டுப் படிவம் ஒன்றே. முன்னவர் கோப்பில் சான்றிதழ்கள் நிறைந்திருக்கும். பின்னவர் கோப்பு மெலிந்திருக்கும்.

தலைமையாசிரியர் நிலையும் இதுவே. மாணவர் தொகையைக் கொண்டு பள்ளிகள் அ, ஆ எனத் தரம் பிரிக்கப்படுவதால், சிறு பள்ளியை நடத்துபவர்க்குப் பொறுப்பு மிகுதியாயினும் பதவியின் தரம் தாழ்ந்ததே.

மாற்றல் என்னும் வடிகால்

இந்நிலையில் ஆசிரியர் செய்யக்கூடியது யாது? மாற்றலுக்கு விண்ணப்பிப்பதுதான். ‘ஈ-ஜி-துக்கார்’ என்னும் இணையவழி ஏற்பாட்டின்மூலம் ஆசிரியர்கள் மாற்றல் கோருகின்றனர். ஆசிரியருள் பெரும்பாலோர் பெண்கள். கணவர் கிள்ளானில் வேலை பார்க்க, மனைவி நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சபாக் பெர்ணத்திலோ ஜொகூரிலோ கற்பிக்கும் குடும்பங்கள் பல. அவர்கள் கேட்பது சலுகையன்று. சேர்ந்து வாழும் வாய்ப்பேயாகும். ஷா ஆலத்திலுள்ள மாநிலக் கல்வி இலாகா ஒருவரை விடுவிக்க வேண்டுமானால் அவ்விடத்துக்கு மற்றொருவர் வேண்டும். நகரப் பள்ளியிலிருந்து தோட்டப்பள்ளிக்கு விரும்பிச் செல்வோர் அரியர். ஆகவே அவ்விடத்தைப் பயிற்சி முடித்து வரும் புதிய ஆசிரியரைக் கொண்டே நிரப்ப வேண்டியதாகிறது. அவரும் ஒருசில ஆண்டில் மாற்றல் கோருவார்.

இவ்வாறு, அனுபவம் மிகவேண்டிய இடத்தில் அனுபவம் தங்குவதே இல்லை. இதற்கு யாரையும் குறைகூறிப் பயனில்லை. ஆசிரியர் தம் குடும்பத்தைக் காக்கிறார். அதிகாரி காலியிடத்தை நிரப்புகிறார். குறை, தங்குவதற்குப் பயன் ஏதும் வைக்காத ஏற்பாட்டில் இருக்கிறது. உட்புறப் பள்ளிகளில் பணியாற்றுவோர்க்கு அரசு மூன்று படிநிலையில் மாதம் 500, 1,000, 1,500 ரிங்கிட் என ஊக்கத்தொகை வகுத்ததுண்டு. சபா, சரவாக் உட்பகுதிகளுக்கு அது பேருதவி. ஆயின், வரைபடத்தில் நெடுஞ்சாலைக்கு அருகே தோன்றும் தோட்டப்பள்ளி பெரும்பாலும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. தொலைவு வேறு, சுமை வேறு அன்றோ?

பிற நாடுகள் கண்ட வழி

தென்கொரியாவில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒரே பள்ளியில் நிலையாக இருப்பதில்லை. ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றப்படுவர். தீவுகளிலும் ஒதுக்குப்புறங்களிலும் பணியாற்றிய காலத்துக்குப் பதவி உயர்வில் கூடுதல் புள்ளி உண்டு. ஆகவே, உயர விரும்பும் திறமைசாலியே கடினமான பள்ளியை நாடிச் செல்கிறார். ஏணியையும் இடத்தையும் அந்நாட்டார் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டனர்.

கர்நாடக மாநிலம் 2007-இல் ஆசிரியர் மாற்றல்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. நகரம், இடைநிலை, ஒதுக்குப்புறம் எனப் பள்ளிகளை மூன்று வட்டங்களாகப் பிரித்து, பணிக்காலத்தை அவற்றினிடையே பகிர்ந்தளிக்க முற்பட்டது. தமிழ்நாட்டில் பொது மாறுதல் கலந்தாய்வு முறை உண்டு. காலியிடங்கள் எல்லார் பார்வைக்கும் வைக்கப்பட, பணிமூப்பு வரிசையில் ஆசிரியர் தமக்குரியதைத் தேர்ந்துகொள்வர். மூத்தவர் நல்ல இடங்களை எடுத்துக்கொள்ள, இளையவர்க்கு எஞ்சியதே கிட்டும் என்பது அதன் குறை. இன்ன இடம் இன்னார்க்கு ஏன் போயிற்று என்பதை எவரும் அறியலாம் என்பது அதன் நிறை.

செயல்திறனுக்குப் பணம் தருவது பயன்படுமா என்பதற்கும் சான்றுகள் உள்ளன. ஆந்திரத்தின் ஊரக அரசுத் தொடக்கப்பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேசு சுந்தரராமனும் 2005 முதல் நடத்திய சோதனையில், ஊக்கத்தொகை பெற்ற பள்ளிகளின் பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட முன்னேறினர். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ஆண்டுக்கு 15,000 டாலர் வரை தருவதாகச் சொல்லி நடத்திய சோதனையில் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை என்று 2010-இல் அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டு ஊர்களின் நிலைமையும் பலவகையில் வேறானது. ஆதலின் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பொய் என்று கூறலாகாது. ஆந்திரச் சோதனையில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அங்கே தொகை பெரியதன்று. ஆண்டுச் சம்பளத்தில் சராசரி நூற்றுக்கு மூன்றளவே. அளக்கப்பட்டது பிள்ளை எட்டிய மதிப்பெண் அன்று, அவன் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறினான் என்பது. பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கிவிட்டவர்க்கும் அதனால் பயன் கிட்டியது.

செய்யத்தக்கன

இவற்றிலிருந்து நான்கு கருத்துகள் பெறப்படும். முதலாவது, மதிப்பீடு மாணவரின் வளர்ச்சியைப் பார்க்கவேண்டும். சிறு பள்ளிகளில் ஓராண்டு முடிவைக் கொள்ளாது மூன்று நான்கு ஆண்டுச் சராசரியைக் கொள்ளவேண்டும். இரண்டாவது, பள்ளியின் சுமைக்கு எடை தரவேண்டும். ஓர் ஆசிரியர் கற்பிக்கும் பாடங்களின் எண்ணிக்கை, கூட்டு வகுப்பு உண்டா என்பது, அவர் ஏற்றுள்ள பிற பொறுப்புகள் ஆகிய விவரங்கள் இலாகாவில் ஏற்கெனவே இருப்பவையே. அவற்றுக்குப் பதவி உயர்வில் புள்ளி வழங்குதல் அரிய செயலன்று.

மூன்றாவது, கடினமான பள்ளிக்கு அனுப்பப்படுபவர்க்குக் காலவரையறை வேண்டும். இத்தனை ஆண்டு பணியாற்றினால், அதன்பின் தாம் விரும்பும் இடத்துக்கு முதலுரிமை என்று எழுத்தில் உறுதியளித்தால், மனமொப்பிச் செல்வோர் கிடைப்பர். எப்போது திரும்புவோம் என்று தெரியாத நிலையே ஆசிரியரை அஞ்சச் செய்கிறது. நான்காவது, காலியிடங்களும் புள்ளிகளும் வெளிப்படையாக இருக்கவேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணம் கூறப்படவேண்டும். காரணம் அறிந்தவர் காத்திருப்பர். அறியாதவர் தெரிந்தவரைத் தேடிப் போவர்.

இதற்கு மறுப்புகளும் எழக்கூடும். சுமைக்குப் புள்ளி தந்தால், புள்ளிக்காகவே வந்து, காலம் முடிந்ததும் போய்விடுவர் என்பது ஒன்று. உண்மையே. ஆயினும் திறமையான ஒருவர் நான்காண்டு இருந்துவிட்டுப் போவது, மனமில்லாத ஒருவர் ஓராண்டில் போவதைவிட நன்றன்றோ? அளவையே வேண்டாம், காலம் ஒன்றே போதும் என்பது மற்றொன்று. காலம் மட்டும் அளவாயின், சுமையைத் தாங்கி நின்றவர்க்கும் தாங்காதவர்க்கும் வேறுபாடு இல்லாமற் போகும். ஆண்டுகளை எண்ணுவதோடு அந்த ஆண்டுகள் எங்கே கழிந்தன என்பதையும் எண்ணவேண்டும் என்பதே இங்குக் கூறப்படுவது.

தமிழ்ப்பள்ளிகட்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. ஆசிரியர் மாறிக்கொண்டே இருக்கும் சிறு பள்ளியில் பெற்றோரின் நம்பிக்கை தளர்கிறது. ஒரு குடும்பம் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகிறது. பின் மற்றொரு குடும்பம். மாணவர் தொகை குறைய, பள்ளியின் தரமும் பணியிடங்களும் குறைகின்றன; அதனால் அங்கு வர விரும்பும் ஆசிரியர் மேலும் குறைகின்றனர். ஐம்பது பிள்ளைகள் முப்பதாகி, முப்பது பன்னிரண்டாகும் கதை இப்படித்தான் நடக்கிறது. அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும் பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வெளியேற வசதியற்ற குடும்பத்தினர். அவர்கட்கு வேறு பள்ளி எளிதாக வாய்ப்பதில்லை. பயிற்சி வகுப்பும் அருகில் இராது. வகுப்பில் நிற்கும் ஆசிரியர் ஒருவரே அவர்கள் நம்பியிருக்கும் துணை. அவர் அங்கே தங்குவதால் எதையும் இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளும் ஊதிய முறையே நீதியான முறையாகும்.